மெல்லக் கூப்பிட்டால்

அத்தைக்குத் தன் தொழில்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் அத்தையும் அவளுடைய மெஷினும். வருகிறவர்கள் அவளைக் 'காதக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். "பேசும்போது தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறாங்கன்னு பார்த்தே எந்தக் காது மந்தம்னு சொல்லிடுவேன்" என்பாள். சொல்லியும் விடுவாள். விருந்துக்குப் போன இடத்தில்கூட யாருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று நோட்டம் விட்டுவிட்டுத்தான் இலையைப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே ஒரு காது கேஸ் வந்து உட்கார்ந்தால் சும்மா விடுவாளா?

வந்தது தம்பியின் மகள். தாயில்லாத பெண், பத்தாம் வகுப்பு. தம்பிக்கு வேறு ஊருக்கு வேலை மாறியபோது, வீடு பார்த்து ஒரு நிலைக்கு வரும்வரை அக்காவிடம் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டியோடு வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வீடே நிறைந்துவிட்டது போலிருந்தது.

மாமா முதல் வாரமே அவளுக்குப் 'பூனை' என்று பெயர் வைத்துவிட்டார். நடந்தால் சத்தம் வராது. தட்டை வைத்தால் சத்தம் வராது. தும்மலைக்கூட உள்ளுக்குள்ளேயே தும்மிக்கொள்வாள். அடுப்படியில் நிற்கிற அத்தை தற்செயலாகத் திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பாள், அத்தைக்குத் தூக்கிவாரிப்போடும்.

மாமா இதற்கு நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். "பிரேக்! பிரேக்கை மிதிங்க!" என்று ஊர்ப்பட்ட பேரைப் பார்த்துக் கத்திக் கத்தி, உப்பை எடு என்பதையும் அதே குரலில்தான் சொல்வார். அவர் வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்டவேண்டியதில்லை, தெருமுனையில் நின்றால் போதும். இந்த மனுஷனைப் பார்த்துப் பெண் மிரண்டுவிடப் போகிறாளே என்று அத்தை பயந்தாள். மிரளவில்லை. மாமா எந்த அறையில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருக்கிறாரோ, அந்த அறையில் போய்த்தான் பாடம் படிப்பாள். அத்தைக்கு இது வேடிக்கையாக இருந்தது. யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மாதிரி டீச்சர், பேச்சே பஞ்சு மாதிரி இருக்கும்.

"கூப்பிட்டா சில நேரம் திரும்பறதே இல்லீங்க. நான் அதட்டவெல்லாம் இல்ல. பக்கத்துல போய் மெதுவாத்தான் கேட்டேன், ஏம்மா, உடம்பு சரியில்லையான்னு. கண்ணு என்னைத்தான் பார்க்குது. ஆனா ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு."

அத்தை வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, அவளுக்கு அது போதும். அன்று மாலையே வீட்டில் சோதனை ஆரம்பமாகிவிட்டது. அதற்கென்று அவர்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பின்னால் போய், வாயசைவு தெரியாதபடி நின்று, ஒவ்வொரு தடவையும் குரலை ஒரு படி இறக்கிக் கூப்பிட வேண்டும். எந்தப் படியில் ஆள் திரும்பவில்லையோ அங்கே காது நிற்கிறது என்று அர்த்தம். பூனை முதல் படியில் திரும்பினாள். அடுத்த படியிலும் திரும்பினாள். அதற்குக் கீழே இறங்கியதும் பென்சில் பிடித்த கை அப்படியே நின்றது; தலை அசையவில்லை.

அத்தை விடவில்லை. காலையில் தலை வாரும்போது, மாலையில் துணி மடிக்கும்போது, பின்னாலிருந்து மெல்ல மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வந்தது. முன்பு கேட்ட படிகூட இப்போது கேட்கவில்லை.

"கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்தப் புள்ளையச் செவிடாக்கிடுவ போலிருக்கு" என்றார் மாமா, விளையாட்டாக.

அந்த நேரத்தில்தான் தம்பியின் போன் வந்தது. வீடு பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறானாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார் மாமா.

அத்தை யோசித்தாள். "சரின்னு சொன்னேன் போலிருக்கு."

"போலிருக்கா? நல்ல கதையா இருக்கே. உன் தம்பி போன் வந்தாலே நீ வேற ஊருக்குப் போயிடற. அவன் கேட்டு என்னிக்காவது நீ முடியாதுன்னு சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லைதான். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சின்ன வயதைப் பற்றி யாராவது கேட்டால் அந்த இடுப்புக் கனம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். மற்றதெல்லாம், "யாருக்குங்க ஞாபகம் இருக்கு?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

போகிற பெண்ணின் காதை முறையாகச் சோதித்து, ரிப்போர்ட்டைத் தம்பியின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை முடிவுகட்டினாள். சனிக்கிழமை மதியம், நோயாளிகள் எல்லாம் போனபிறகு, பூனையைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தாள்.

முதலில் பீப் சத்தங்கள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பூனை அழுத்தினாள். அத்தை குறைத்தாள், அழுத்தினாள். இன்னும் குறைத்தாள், அழுத்தினாள். மெஷினின் கடைசிக் கோடுவரை போயாயிற்று. அந்த அளவுக்குக் கேட்கிற காதை அத்தை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை.

அடுத்தது வார்த்தைகள். இதற்குப் பதிவு செய்த குரல் உண்டு. ஆனால் அத்தைக்குத் தன் வாயால் சொன்னால்தான் திருப்தி. மைக்கில் ஒரு வார்த்தை சொல்வாள், உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போகப்போகக் குரலைத் தாழ்த்திக்கொண்டே வருவாள்.

"மரம்."

"மரம்."

"கதவு."

"கதவு."

"விரல்." குரலை இறக்கியிருந்தாள்.

கொஞ்சம் தாமதம். "விரல்."

அத்தை இன்னும் இறக்கினாள். "நிலா."

"சரி."

அத்தை மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "குடை."

"சரி."

"பழம்."

"சரி."

நடிக்கிறாள் என்று பட்டது அத்தைக்கு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகச் செவிடு மாதிரி நடிக்க வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்தவள். பட்டென்று கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"என்கிட்டயேவா? என்ன விளையாட்டு இது?"

"சரி" என்றாள் பூனை.

அப்போதுதான் அத்தை அந்தக் கண்களைப் பார்த்தாள். நடிக்கிறவர்களின் கண் சும்மா இருக்காது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துளி துடிக்கும், நம்மை வேவு பார்க்கும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கண்கள் எதையும் வேவு பார்க்கவில்லை. காது திறந்திருக்கிறது, சத்தம் உள்ளே போகிறது. ஆனால் கேட்க அங்கே ஆள் இல்லை.

"என்னடா கண்ணு, என்ன ஆச்சு?" என்றாள் அத்தை, இரக்கத்தில் குரல் தானாகவே தழைந்தது.

"சரி அத்தை. சரி."

கையில் இருந்த போன் அடித்தது. பதற்றத்தில் எங்கேயோ விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று மாமாவின் குரல் அந்தச் சத்தம் புகாத அறையையே உலுக்கியது. "பசிக்குதுடி! வர்றீங்களா, இல்ல நானே சமைச்சு எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா?"

பூனை கண்ணைச் சிமிட்டினாள். ஒரு மூச்சு இழுத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"மாமாவா? அத்தை, நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

அத்தை போனை அணைத்துவிட்டு, நாற்காலிக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்தே வைத்தாள். குரலை வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டாள். சந்தைக்கடையில் பேசுகிற மாதிரி.

"எங்கம்மா போயிருந்த?"

பூனை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அதன் ஒயரை நீவிக்கொண்டிருந்தாள்.

"தூரமா. பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்திருப்பேன். முன்னாடி என்ன நடக்குதுன்னு சரியாத் தெரியாது. முன் சீட்ல ஒருத்தி இருப்பா, அவ பார்த்துக்குவா."

"யாரு?"

"அவதான். எதுக்கும் சரின்னு சொல்லிடுவா. அடி விழுந்தாலும் அவமேலதான் விழும். எனக்கு வலிக்காது."

"யாருடி அடிச்சது?" அத்தைக்குப் பதில் தெரிந்துவிட்ட மாதிரியும் இருந்தது, தெரியவே வேண்டாம் போலவும் இருந்தது.

"அப்பா கத்தமாட்டாரு அத்தை. கோபம் வந்தா அவர் குரல் இறங்கும். இறங்கிக்கிட்டே போகும். ரொம்ப இறங்கினா கதவைச் சாத்துவாரு."

அத்தையின் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பஞ்சு மாதிரிப் பேசுகிற டீச்சர். கத்துகிற மாமாவின் பக்கத்தில் போய் உட்காரும் பெண். தலை வாரும்போதும் துணி மடிக்கும்போதும், பின்னால் நின்று, படிப்படியாகக் குரலை இறக்கி இறக்கி... காது சோதிக்கிறேன் பேர்வழி என்று தன் கையாலேயே இந்தக் குழந்தையை அந்தக் கடைசி சீட்டுக்குத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தன் தொழிலே வெறுத்துப்போயிற்று.

"நான் தினமும் பின்னாடி நின்னு கூப்பிட்டேனே..." அழுதுவிட்டாள்.

"நீங்க அடிக்கலையே அத்தை" என்றாள் பூனை சமாதானமாக. "ஆனா அது அவளுக்குத் தெரியாதுல்ல."

அத்தை அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளைத் திட்டாதீங்க" என்றாள் பூனை. "நல்லவதான்."

"நான் ஏன்டி அவளைத் திட்டப்போறேன்? இத்தனை நாள் உன்னைக் காப்பாத்திக் கொண்டுவந்தவ அவதானே. நம்ம வீட்ல அவளுக்கும் இடம் இருக்குன்னு சொல்லு. பயந்துக்கிட்டு நிக்க வேண்டாம், அப்பப்ப உட்கார்ந்துக்கலாம்னு சொல்லு."

பூனை இலேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"ஆனா நாளைக்கு அப்பா வந்து, போலாமான்னு கேட்டா, அவ சரின்னு சொல்லிடுவா அத்தை. நான் வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடுவா."

வீட்டுக்கு வந்து அத்தை மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமா மனசு தாங்காமல் பூனையின் அறை வாசலில் போய் நின்று, "சாப்பிட வாடா தங்கம்" என்றார், தென்றல் வீசுகிற மாதிரி. பூனையின் கண் நிலைகுத்தியது.

"கத்துங்க! கத்தித் தொலைங்க!" என்று பின்னாலிருந்து அத்தை அலறினாள்.

"ஏய் பூனை! சோறு ஆறுது!"

"இதோ வர்றேன் மாமா" என்று எழுந்து வந்தாள். மாமா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூவருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். பூனை பதிலே சொல்லவேண்டியதில்லை. அனுப்பமாட்டோம் என்பதை அத்தை சொல்லிவிடுவாள். திங்கட்கிழமை குழந்தைகள் நல அலுவலகம், அதற்குப் பிறகு இதற்கென்றே இருக்கிற மனநல டாக்டர். எல்லாம் சரிதான். தம்பியிடம் முடியாது என்று சொல்கிற வேலை மட்டும் பாக்கி.

மறுநாள் தம்பி வந்தான். வரும்போதே வீட்டைக் கலகலப்பாக்கிவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. மாமாவைப் பார்த்து, "உங்ககிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க எல்லாம் இப்ப அக்காகிட்டதான் காதுக்கு வர்றாங்களாமே?" என்று கேட்டான். இன்னொரு நாளாக இருந்தால் மாமாவே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று அவர் எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

அத்தை ராத்திரியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பேச்சு வாய்க்கு வரும்போது பாதியாகிவிட்டது. "பத்தாவது முடியறவரைக்கும் இங்கயே இருக்கட்டுமேடா."

"அவளைக் கேட்போமே" என்றான் தம்பி சிரித்துக்கொண்டே. மகள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "பாப்பா. பெட்டியை எடுத்து வை."

"சரிப்பா."

"பூனை!" மாமா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "என் வண்டிச் சாவி எங்க?"

பூனை சிமிட்டினாள். வந்துவிட்டாள். ஓசையில்லாமல் அத்தையின் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றுகொண்டாள். அத்தைக்கு அதில் தைரியம் வந்தது.

"அவளை நான் அனுப்பமாட்டேன். நீ அவளை அடிச்சிருக்க. கதவைச் சாத்திட்டு அடிச்சிருக்க."

தம்பியின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவன் கத்தவில்லை. மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்தான்.

"அக்கா" என்றான், மிக மெதுவாக. "உள்ள வா. உன்கிட்ட தனியாப் பேசணும்."

அது தம்பியின் குரல் இல்லை. அத்தைக்கு அந்தக் குரல் தெரியும். செத்துச் சாம்பலாகிப் பல வருடமான தன் அப்பாவின் குரல் அது. எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் அறை நீண்டுகொண்டே போயிற்று. மேசை தூரத்துக்குப் போனது. அதன்மேல் யாருடையவோ இரண்டு கைகள் இருந்தன. விரலில் தன்னுடைய மோதிரம் இருந்தது. எதுவும் வலிக்கவில்லை, எதுவும் அவசரமில்லை. எங்கேயோ முன்னால் ஒருத்தி, "சரிடா" என்று சொல்வது கேட்டது. அவள் எழுந்து தம்பியின் பின்னால் உள்ளே போகவும் புறப்பட்டாள்.

"அத்தை!"

அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. மாமாவே திடுக்கிட்டார்.

"அத்தை! போகாதீங்க! இங்க வாங்க! நான் இங்கதான் இருக்கேன், பாருங்க! அத்தை!"

தும்மலை விழுங்குகிற பெண் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள், இரண்டு கையாலும் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு. அத்தைக்கு முதலில் தோள் வலித்தது. பிறகு மேசை பக்கத்தில் வந்தது. பிறகு இடுப்பில் அந்தப் பழைய கனம் வந்தது, இத்தனை வருடம் தனியாக வந்துகொண்டிருந்த கனம். இந்தத் தடவை கூடவே ஒரு கதவும் வந்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் மூலையில் அவள். இடுப்பில் தம்பி. அவன் அழுதுவிடாமலிருக்க அவன் வாயைப் பொத்தியிருந்த தன் கை.

அத்தை தம்பியைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது, அதை மறைக்க முடியவில்லை.

"அப்பா உன்னையும் அடிச்சாருடா" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "என்னையும் அடிச்சாரு. நாம ரெண்டு பேரும் மறந்துட்டோம். ஆனா அவர் குரலை மட்டும் நீ பத்திரமா எடுத்து வச்சிருக்க. போய் அதுக்கு வைத்தியம் பாரு, நானும் கூட வர்றேன். ஆனா பொண்ணு வரமாட்டா. முடியாது."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். திறந்த கதவையும், எட்டிப்பார்த்த எதிர்வீட்டுக்காரரையும், எழுந்து நின்ற மாமாவையும் பார்த்தான். மெதுவாகப் பேச அங்கே இடமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை திரும்புகிறவரை அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளைதானே.

உள்ளே வந்து பூனையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்குமே மூச்சு வாங்கியது.

"நீங்களும் கடைசி சீட்லயா அத்தை இருந்தீங்க?"

"அங்கதான் இருந்திருக்கேன் போல, ரொம்ப வருஷமா."

"நான் உங்களைப் பார்த்ததே இல்லையே."

"நானும்தான் உன்னைப் பார்க்கல."

மாமா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். கையில் கரண்டி, கண்ணெல்லாம் சிவப்பு.

"வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு!" என்று கத்தினார். "இறங்குங்க ரெண்டு பேரும், சாப்பிடலாம்!"

பூனை எழுந்து தட்டுகளை எடுக்கப் போனாள். தட்டுகள் ஒன்றோடொன்று மோதி நன்றாகச் சத்தம் கேட்டது.